சொட்டுகூடத் தொடாத டீக்கன்

போன் அலறியது.

ஷெரீஃப் ஓபல் நேப்பியர் வாயிலிருந்த சோள ரொட்டியை விழுங்காமலே போனை எடுத்தாள்.

"ஓபல்... அண்ணன் போயிட்டான்! வராந்தாவுல கெடக்கான்... மூச்சே இல்ல!"

குரல் லமார் ஸ்பர்லாக்குடையது. பாப்டிஸ்ட் சர்ச்சின் டீக்கன். ஒரு சொட்டு மது தொடாதவன். அதை எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லாமல் விடாதவன்.

கிழக்கு கென்டக்கியின் அந்த மாவட்டத்தில் மது விற்கத் தடை. ஆகவே எல்லோரும் குடித்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. லமாரின் அண்ணன் ராய்ஸ் மட்டும் கதவைத் திறந்து வைத்துக் குடித்தான். ஊர் அவனை மட்டும் குடிகாரன் என்றது.

ஓபல் போய்ச் சேர்ந்தபோது லமார் அண்ணனின் தலைமாட்டில் முழங்காலிட்டிருந்தான். கண்ணீரைவிட ஜெபம் அதிகமாக வந்தது.

"வேலி ஓரமா நெலத்தை அளக்குறானே, அந்த ஆளு யாரு டீக்கன்?"

"கேஸ் கம்பெனி ஆளு... நெலம் கேட்டாங்க. அண்ணன்தான் விக்க மாட்டேன்னு..."

"இப்ப அந்தத் தொல்லை இல்ல. சொத்து உங்களுக்கு."

"ஒடம்பு இன்னும் ஆறல... அதுக்குள்ள என்ன பேச்சு ஓபல் இது!"

பிணம் விக்கியது!

"எவன்டா... டிவியை நிறுத்தினது?"

லமாரின் முகத்தில் அப்போதுதான் முதல் முறையாக உண்மையான துக்கம் தெரிந்தது.

* * *

ஆஸ்பத்திரி.

ராய்ஸ் கட்டிலில் குறட்டை விட்டான். பக்கத்தில் லமார் பைபிளோடு உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஹென்ஸ்லி ஓபலைத் தனியே அழைத்தார்.

"ரத்தத்துல மெத்தில் ஆல்கஹால் ஓபல். ஒரு கழுதையைக் கொல்ற அளவு."

"அப்புறம் இந்தக் கழுதை எப்படிப் பொழைச்சுது?"

"குடிச்சதாலதான்! அவன் சாராய ஜாடியில யாரோ மெத்திலைக் கலந்திருக்காங்க. ஆனா மீதி முழுக்க நல்ல எத்தில் ஆல்கஹால். கல்லீரல் முதல்ல எத்திலைத்தான் கவனிக்கும். மெத்தில் வரிசையில நிக்கணும். கல்லீரல் கை வெச்சாத்தான் அது விஷமா மாறும்."

"விஷத்தையும் மாத்து மருந்தையும் ஒரே ஜாடியில கலந்திருக்கான்!"

"எத்தனையோ முட்டாளைப் பாத்திருக்கேன். இவன் தனி ரகம்."

"ராய்ஸ் தேறிடுவானா?"

"சரியான மருந்து லெக்ஸிங்டன்ல இருந்து வரணும். அதுவரைக்கும் எத்தில் எறங்கிட்டே இருக்கணும். இல்லேன்னா கண்ணு போயிடும், அப்புறம் உயிரு. இந்த ஊர்ல அதை எங்க போய் வாங்குறது?"

"வாங்குறதா? பறிமுதல் பண்ணினது ஸ்டேஷன்ல அலமாரி நிறைய இருக்கு."

ஜாடி வந்தது. தண்ணீர்போலத் தெளிவு. ஓபல் குலுக்கினாள். பெரிய பெரிய முத்துக் குமிழிகள் எழுந்து சட்டென்று உடைந்தன.

"பாதிக்கு மேல சரக்கு. குமிழி சின்னதா, உடையாம நின்னாத் தண்ணி ஜாஸ்தி."

"பெரிய படிப்பா இருக்கே!"

"எங்கப்பா மலையில காய்ச்சினாரு. நான்தான் புடிச்சு உள்ள போட்டேன்."

ஜாடியைக் கட்டிலருகே வைத்ததும் லமார் பொங்கினான்.

"ஆஸ்பத்திரியில சாராயமா! ஆல்கஹால் எல்லாமே சாத்தானோட மூத்திரம். அதுல நல்லது, கெட்டதுன்னு வேற ரகம் இருக்கா?"

ஓபல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஊரில் இப்படி நினைக்கக்கூடியவன் ஒருவன்தான். எத்திலும் மெத்திலும் அவனுக்கு ஒன்று.

"ஊசி போட நர்ஸ் தடவுற பஞ்சுல இருக்குறதும் அதுதான் டீக்கன். உங்க சர்ச் கேக்குல ஊத்துற வனிலா எசன்ஸுலயும்."

"அது வேற!"

"ரகம் இல்லேன்னு இப்பதானே சொன்னீங்க?"

லமார் பைபிளைத் திறந்தான். அவசரத்தில் தலைகீழாக.

ஓபல் டாக்டர் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள்.

"மெத்தில் தோல் வழியாவும் எறங்குமாமே டாக்டர்? கலந்தவன் கையில சிந்தியிருந்தா?"

டாக்டர் புத்திசாலி.

"முதல்ல கண்ணு எரியும். அப்புறம் மங்கும். பொழுது சாயறதுக்குள்ள... சவப்பெட்டிக்கு அளவு குடுக்கலாம்."

"மருந்து?"

"இந்த ஜாடிதான். வேற எதுவும் இங்க கிடையாது."

"அப்ப நான் எதுக்கு அலையணும்? ஆளு தானா செத்துருவான். வாங்க, காபி குடிக்கலாம்."

இருவரும் வெளியேறினார்கள்.

லமார் உள்ளங்கைகளைப் பார்த்தான். கண்களைத் தேய்த்தான். எரிந்தது! இன்னும் அழுத்தித் தேய்த்தான். இன்னும் எரிந்தது!

தேய்த்தால் எரியாமல் குளிருமா? அந்த அறிவு இருந்தால் அவன் ஏன் இங்கே நிற்கிறான்?

ஜாடி...

பரலோகம் நல்ல இடம்தான். ஆனால் இன்றைக்கே போகும் அவசரம் டீக்கனுக்கு இல்லை.

கடகடகட...!

கதவு திறந்தது.

"தாகமா, டீக்கன் ஐயா?"

"ஓபல்... தலை சுத்துது! கண்ணு மங்குது! பனியில உறையாம இருக்க சர்ச் பஸ் டேங்க்ல ஊத்துற ஆல்கஹால்... அதைத்தான் அண்ணன் ஜாடியில கலந்தேன். கையெல்லாம் சிந்திருச்சு... எப்படியாவது காப்பாத்து!"

"தலை சுத்துறது சாராயம். கையில ரெண்டு சொட்டு சிந்தினதுக்கு எவனும் சாகுறதில்ல."

ஜாடி கையிலிருந்து நழுவியது. ஓபல் அதைப் பிடித்தாள். மற்றொரு கையால் விலங்கை எடுத்தாள்.

"ரகம் தெரியாம அண்ணனைக் கொல்லப் பாத்தீங்க. இப்ப தெரிஞ்சிருக்குமே!"

கட்டிலில் ராய்ஸ் ஒரு கண்ணைத் திறந்தான். தம்பியையும் விலங்கையும் பார்த்தான். நன்றாக மூச்சை இழுத்து வாசனை பிடித்தான்.

"டேய் தம்பி... நான் ஆயுசு பூரா குடிச்சிருக்கேன். ஒரு ராத்திரிகூட ஜெயில்ல படுத்ததில்ல. நீ முதல் மடக்குலயே உள்ள போறியே... குடிக்கத் தெரியாதவன்லாம் எதுக்குடா குடிக்கிறீங்க?"