புது பேரிங் போட்ட மத்தியானம்

பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் மரம் இழைக்கிற மெஷினின் சத்தம் நிற்கவில்லை.

கர்... கர்... என்று, காய்ந்த தொண்டையைச் செருமுவது மாதிரி, அடங்குவதும் எழுவதுமாக இருந்தது. வேகம் தணிகிற வரைக்கும் சுற்றத்தானே செய்யும் என்று பெரியவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கையை வைத்துப் பார்த்தார். கத்தி உருளை எப்போதோ நின்றுபோயிருந்தது.

தன் காதையே நம்பாத ஆள் அவர். மரக்கடையில் அளந்து கொடுத்ததைப் பட்டறைக்கு வந்து மறுபடி அளப்பார். காலையில் பேரிங் வாங்கப் போன இடத்திலும் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்க, கடைக்காரன் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்: "பெரியவரே, பேரிங் வாங்க வந்தீங்களா, பல்லப் புடிச்சுப் பாத்து மாடு வாங்க வந்தீங்களா?"

அவன் சிரிக்கட்டும். அவன் வீட்டிலா பதினொரு நாளாகத் தூக்கம் இல்லை?

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மெஷின் ஓடாத நேரத்திலும் எதுவோ அரைபடுகிற சத்தம் கேட்கிறது என்று மனைவி சொன்னபோது, ஓடாத மெஷின் எப்படி அரைக்கும் என்று அவர் எரிந்து விழுந்தார். அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. நேற்று தட்டில் சோற்றைப் போட்டபடியே சொன்னாள். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள அது நிக்கணும். இல்லன்னா அக்கா வீட்டுக்குப் போயிடறேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

முப்பத்தெட்டு வருஷத்தில் போகிறேன் என்ற வார்த்தை அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. சொன்னால் செய்கிறவள்.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே மேகம் மூடி, தகரக் கூரையின் கீழே மத்தியானமே மங்கிக் கிடக்க, ஈர மரத்தூளும் கருகிய கிரீஸும் கலந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. இழுத்துக் கழற்றுகிற மூன்று கால் புல்லரை மாட்டித் திருகத் திருக, பழைய பேரிங் அச்சை விட மனமில்லாமல் முனகி முனகி நகர்ந்து, கடைசியில் பொத்தென்று கையில் விழுந்தது. குண்டுகள் அம்மை போட்ட முகம் மாதிரி குழிக்குழியாக இருந்தன. அகப்பட்டாயா என்று அதைப் பழைய இரும்பு போடும் தகர டப்பாவில் விட்டெறிந்தார். அடுத்த பக்கத்து பேரிங்கும் அப்படித்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. குற்றவாளி இதுதான்.

புதியவற்றைச் சூடு காட்டி, அச்சில் ஏற்றி, உள்வளையத்தில் மட்டும் குழாயை வைத்து நிதானமாகத் தட்டி உட்கார வைத்தார். உருளையைக் கையால் ஒரு சுண்டு சுண்டினார். வெண்ணெயில் சுற்றுவது மாதிரி சுற்றியது. துளிச் சத்தம் இல்லை.

கர்... கர்...

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, மெஷினை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அதன் முனையை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தினால் மெஷினின் வயிற்றுக்குள் நடப்பதெல்லாம் கேட்கும். கூட இருக்கிறவன் பொய் சொல்லலாம், அந்தக் கம்பி சொல்லாது.

உருளையை மறுபடி ஒரு சுண்டு சுண்டிவிட்டு, இடது பேரிங்கில் வைத்தார். ஒன்றுமில்லை. வலதில் வைத்தார். ஒன்றுமில்லை. உருளை சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் உள்ளே அடைத்த வீடு மாதிரி அமைதி.

மெஷினின் காலில் வைத்தபோது லேசாகக் கேட்டது. தரையில் வைத்தபோது இன்னும் கொஞ்சம். முழங்கால் வலிக்க ஒவ்வொரு அடியாகத் தவழ்ந்து, தரையில் ஊன்றி ஊன்றிக் கேட்டபடி போனார். சத்தம் மெஷினை விட்டு விலகிக்கொண்டே போனது.

வீட்டுப் பக்கத்துச் சுவர். கேட்டது.

கதவு நிலை. நன்றாகக் கேட்டது.

உள் அறையின் கட்டில் சட்டம். ஸ்க்ரூ டிரைவரே தேவைப்படவில்லை. பல்லில் கூசியது.

மனைவி முதுகைக் காட்டி அலமாரி முன்னால் நின்றாள். கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, புடவைகளைத் திரும்ப உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நின்னுடுச்சுங்க," என்றாள். "இப்பதான். அப்பாடான்னு இருக்கு. நான் எங்கயும் போகல."

கர்... கர்... கர்...

"இவளே," என்றார். "ஒனக்குக் கேக்கலியா?"

"சுத்தமா இல்ல."

இரண்டு அடி எடுத்து வைத்தார். முனையை அவள் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வைத்தார். அவள் சிரித்தாள். "என்னங்க, என்னையும் மெஷின்னு நெனச்சுட்டீங்களா?"

பிடியைக் காதோடு அழுத்தினார்.

மூச்சு கேட்க வேண்டும். இல்லை. நெஞ்சு அடிப்பது கேட்க வேண்டும். இல்லை. குண்டுகள். காய்ந்த குண்டுகள். ஒன்றன்பின் ஒன்றாக உருள்கிற குண்டுகள்.

சட்டென்று அதுவும் நின்றது.

"இவளே. இங்க திரும்பு."

கால் திரும்பவில்லை. தோள் அசையவில்லை. கைகள் தம் பாட்டுக்குப் புடவையை மடித்துக்கொண்டிருந்தன.

தலை திரும்பியது.

தோளைத் தாண்டியது. உரசவில்லை. இடிக்கவில்லை. துளிச் சத்தம் இல்லை. முதுகுக்கு மேலே, நேர் எதிரே, அவள் முகம். பதினொரு நாளுக்குப் பிறகு தெளிந்த முகம். அவரைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்தது.

தலை அங்கேயும் நிற்கவில்லை.