கரையில் நிற்பவள்

கரண்டி கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் மட்டும் தாமதமாக வந்தது. பிரபாவதி குனிந்து பார்த்தாள். கரண்டி காலடியில்தான், சிவப்புச் சிமென்ட் தரையில் கிடந்தது. ஆனால் அந்தச் சத்தம் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்ததுபோல் இருந்தது.

திண்டிவனத்தில் கடல் இல்லை. அதற்காகவேதான் இந்த ஊரில் வீடு கட்டச் சொன்னாள். கணவர் சவுரிராயன் கடற்படையில், கடலை அளக்கும் கப்பலில் இருந்தவர். பேர் வைக்காத தீவுகள், யாரும் இறங்காத கரைகள், எல்லாவற்றையும் படகில் சுற்றிச் சுற்றி வந்து வரைபடமாக்கியவர். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், போவார். ஓய்வு பெற்று முழுசாக வந்து சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே ஞாபகம் உதிர ஆரம்பித்துவிட்டது. இப்போது இந்த வீடும் அவருக்குத் தெரியாத ஒரு கரை. அவளும்தான்.

"நாளைக்குக் காலையில வண்டி எடுத்துக்கினு வர்றேன்மா," என்றாள் மகள் இளவரசி போனில். விழுப்புரத்தில் நர்ஸ். "முதியோர் இல்லத்துல எடம் சொல்லி வச்சிட்டேன். அப்பா துணிய மட்டும் மடிச்சு வை."

"வீடு மொத்தத்தையும் அளந்துட்டார், பின்னாடி ரூம் மட்டும்தான் பாக்கி இளவரசி. வரைஞ்சு முடிச்சிட்டார்னா வீடு புரிஞ்சிரும் அவருக்கு."

"ஆமா, புரியும். உன்ன கொடிக்கம்பம் மாதிரி நிக்க வச்சிக்கினு இருக்காரே, கால்ல எண்ணெய் தடவிவிட ஆள் வச்சாரா?" சிரிக்கப் பார்த்தாள், குரல் உடைந்தது. "அன்னிக்கு ஹைவேஸ் வரைக்கும் நடந்து போயிட்டாரும்மா. லாரிக்காரன் பிரேக் போடலன்னா?"

பிரபாவதி போனை அலமாரியில் வைத்தாள்.

"ஏங்கம்மா," கூடத்திலிருந்து அவர் கூப்பிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்ணைக் கூப்பிடும் மரியாதை. "கொஞ்சம் வந்து நிக்கிறீங்களா? மழை வர்ற மாதிரி இருக்கு, ஜல்தி முடிச்சிரலாம்."

கடலிலிருந்து அளப்பவனுக்குக் கரையில் அசையாத அடையாளம் ஒன்று வேண்டும். அதைப் பார்த்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவான். பிரபாவதி சமையலறை வாசலில், வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் பிடித்து நின்றாள். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார். குடும்பம் நடத்திய காலத்தில் ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. அதற்காகவே தினமும் நின்றாள்.

"நகராதீங்க. நீங்க நகந்துட்டா எனக்குத் திரும்பி வர வழி கிடையாது."

ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, பின்னறைக்குப் போகும் குட்டி நடைக்குள் போனார். மழை பிடித்தது. கரண்ட் போனது. சாயங்காலத்தின் மிச்ச வெளிச்சம் ஜன்னலில் சாம்பலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

டொக்.

"ஒரு பாகம்," என்றது அவர் குரல். ஒரு பாகம் என்றால் ஓர் ஆள் ஆழம்.

டொக். "மூணு பாகம்."

மண்வாசனை வர வேண்டிய ஜன்னல் வழியாகப் பாசியின் கவிச்சி வந்தது. சுவர்க்கடிகாரத்தின் ஓசை தண்ணீருக்குள் முங்கியதுபோல் மங்கியது. நடையின் இருட்டு, கூரையைத் தூக்கிவிட்ட கொட்டகை மாதிரி உள்ளுக்குள் விரிந்துகொண்டே போனது. "ஏழு பாகம்." குரல் பின்னறையைத் தாண்டி, பக்கத்து வீட்டு மதிலையும் தாண்டிவிட்டிருந்தது.

"என்னங்க, போதுங்க. வந்துருங்க."

கயிறு ஓடும் சரசரப்பு. ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. குண்டு விழுந்த சத்தம் வரவில்லை.

"அடி தட்டலை," என்றது குரல், வெகு தூரத்தில்.

போன் அடித்தது. எடுக்க வேண்டுமென்றால் ஓரடி நகர வேண்டும். அடித்து அடித்து ஓய்ந்தது. தோள்கள் கடுத்தன. பாதம் சில்லிட்டது. தரை காய்ந்துதான் இருந்தது.

மழை நின்றது. நீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"என்னங்க?"

நடையின் இருட்டை உற்றுப் பார்த்தாள்.

"இங்கதாங்க இருக்கேன். நகரல."

"பிரபா."

அந்த வாய் மறந்தே போயிருந்த பெயர்.

"பிரபா, கரை தெரியுது. உன்னத்தான் பாத்துக்கினு வர்றேன். நகந்துடாத."

சந்தோஷமான குரல். லீவில் வந்து, பெட்டியோடு கேட்டைத் திறக்கும்போது கூப்பிடுவாரே, அதே குரல். பிரபாவதி அழுதாள். பிறகுதான் கவனித்தாள். அது நடையிலிருந்து வரவில்லை.

கீழேயிருந்து வந்தது.

குதிகாலுக்கு நேர் அடியில் தட்டல். கதவைத் தட்டுவதுபோல். மெதுவாக.

தரையின் அந்தப் பக்கத்தை ஏதோ தடவியது. தேடியது. அவள் உள்ளங்கால் பதிந்த இடத்துக்கு வந்து நின்றது. சிமென்ட் ஈரமணலாக இளகியது. விரல்கள். பாதத்தைச் சுற்றி. கணுக்காலைச் சுற்றி. இன்னும் விரல்கள். இன்னும்.

ஒரு மனிதனுக்கு இத்தனை விரல்கள் கிடையாது.

"பிரபா," என்றது அவர் குரல்.

நகர்ந்தால் அவர் தொலைந்துவிடுவார். கண்களை இறுக மூடிக்கொண்டு, பிரபாவதி துண்டை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.