மூன்றாவது முளை

காற்றுக்கு வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அதே நொடியில் மேசைமேல் கிடந்த கேமரா 'க்ளிக்' என்றது. அதைத் துடைக்கப் பஞ்சைப் பிடித்திருந்த அவன் கை அப்படியே நின்றது. அந்தக் கேமராவில் பேட்டரி இல்லை. காலையில் அவனே கழற்றி ஜன்னலோரம் வைத்திருந்தான். படங்கள் பதியும் கார்டும் இல்லை. அதை மனைவி பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் செருகியிருந்தாள். அண்ணன் கடைசியாக எடுத்ததைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பார்த்துவிட்டுப் போகட்டும், வெந்துபோன கார்டில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அவனும் விட்டுவிட்டான்.

கேமரா அவளுடைய அண்ணனுடையது. அவனுக்கு மச்சான், ஊருக்கு முக்காலி. தன் கல்யாணத்துக்கே கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ராக்கெட் ஏவுவதைப் படமெடுக்க இருவரும் சேர்ந்தே போவார்கள். இவன் பத்திரிகைக்காக, அவர் தன் ஆசைக்காக. ஏவுதளத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. முதல் நாளே புல்வெளியில் ஸ்டாண்டை நிறுத்தி, பனிக்கும் தூசிக்கும் கேமராமேல் பிளாஸ்டிக் பை சுற்றி, மூன்று கால்களையும் இரும்பு முளை அடித்துக் கயிற்றால் இறுக்கிவிட்டு வந்துவிடவேண்டும். கேமராவோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ராக்கெட்டின் இரைச்சல் காதில் விழுந்தால் மட்டுமே அது விழித்துக்கொண்டு படம் எடுக்க வைக்கும்.

அந்தப் பெட்டி இப்போது உருகிக் கேமராவின் தலையில் கட்டிபோல ஒட்டியிருந்தது. பை தோலாகப் படிந்திருந்தது, லென்ஸ் புரை விழுந்த கண்ணாக வெளுத்திருந்தது, எத்தனை முறை துடைத்தாலும் விரலிடுக்கில் வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருந்தது, குளியலறை கழுவும் ஆசிட்டின் நெடி அறை முழுக்க மெல்லப் பரவித் தொண்டையைக் கீறியது. சூட்டில் உள்ளே ஏதாவது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சமையலறையில் ஒரு தம்ளர் உருண்டது. க்ளிக்.

"ஏங்க, கார்டு திறந்துடுச்சு," என்று உள்ளிருந்து மனைவியின் குரல். "ரெண்டு படம் இருக்கு. வெறும் புல்லுதான். சாய்ஞ்சு தெரியுது."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் பஞ்சைக் கீழே வைத்தான். கேமரா ஏன் சாய்ந்தது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஸ்டாண்டை நிறுத்தப் போன அன்று அவன் ஒரு முளையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். மச்சான் பை சுற்றும் டேப்பை எடுக்கப் போன நேரத்தில், அவருடைய மூன்றாவது முளையைப் பிடுங்கித் தன் ஸ்டாண்டுக்கு அடித்துக்கொண்டான். இரண்டில் நிற்காதா என்ன என்று நினைத்தான். கேட்டிருந்தால் அவரே சிரித்துக்கொண்டு கொடுத்திருப்பார். கேட்கத்தான் வெட்கமாக இருந்தது.

குழாய் சொட்டியது. க்ளிக்.

"இன்னொண்ணு வந்திருக்குங்க. இது முதல்ல இல்லையே. ஒரே வெள்ளைப் புகை."

ராக்கெட்டின் இரைச்சலைத் தவிர எதற்கும் அசையாத பெட்டி. அது சொட்டுத் தண்ணீரைக் கேட்கிறது. அவன் எழுந்துபோய்க் குழாயை இறுக மூடினான். திரும்பி வரும்போது அவன் செருப்பு தரையில் உரசியது. க்ளிக்.

"புகைக்குள்ள யாரோ ஓடி வர்றாங்க." என்றாள். "அண்ணன் ஷூங்க அது."

புகை கலையும்வரை யாரும் தாங்கள் வந்த பஸ்ஸைவிட்டு நகரக்கூடாது என்று ஏவும் நாளில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அந்தப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் ஆசிட். மச்சான் பெரிய லென்ஸ் வழியாகப் பார்த்தார். தன் கேமரா விழுந்துகிடப்பதைக் கண்டார். காவலாளி முகம் திருப்பிய சமயம், முகமூடியைக்கூட எடுக்காமல் தடுப்புக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடினார். பஸ் பக்கத்தில் நின்ற அவன் அதைப் பார்த்தான். கூப்பிட வாயெடுத்தான். கூப்பிட்டால், ஏன் விழுந்தது என்று பேச்சு வரும், யாராவது முளையை எண்ணுவார்கள். வாயை மூடிக்கொண்டான். நுரையீரல் உள்ளேயே வெந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். சாகுமுன் மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "முளை சரியா அடிக்கலை போல, மாப்பிள்ளை. என் தப்புதான்."

அவன் உட்கார்ந்தான். நாற்காலி முனகியது. க்ளிக்.

உள்ளே அவள் அழ ஆரம்பித்தாள். "கேமராவைத் தூக்குறாருங்க. வாயைத் திறந்துக்கிட்டு... மூச்சு விட முடியலை அவருக்கு."

ஒவ்வொரு விசும்பலுக்கும் ஒரு க்ளிக். கேமராவைத் துண்டில் சுற்றினான். அலமாரியில் வைத்துப் பூட்டினான். துணிகளுக்குள்ளிருந்து கேட்டது. க்ளிக். சாவியை எடுத்தான். க்ளிக். எச்சில் விழுங்கினான். க்ளிக்.

அசையாமல் நின்றான்.

உள்ளே அழுகை ஓய்ந்திருந்தது.

மூச்சை அடக்கினான்.

குழாய் இல்லை. காற்று இல்லை. எதுவும் இல்லை.

சொல்லிவிடலாமா என்று நினைத்தான்.

க்ளிக்.

"இதுல நீங்க இருக்கீங்க," என்றாள் அவள்.

அழுகையே இல்லாத குரல்.

"பஸ் பக்கத்துல. முகமூடி போட்டுக்கிட்டு." நாற்காலியைத் தள்ளும் ஓசை. "அண்ணன் ஓடுறதைப் பார்த்துக்கிட்டேவா நின்னீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? முளையைப் பிடுங்கியதும் நான்தான், வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான்தான். எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் வாயைத் திறந்தான்.

குரல் வரவில்லை.

வெள்ளையாக ஏதோ வந்தது. பல்லில் பட்டுப் புளித்தது. உதட்டில் பட்டு எரிந்தது. இருமினான். இன்னும் வந்தது. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. அலமாரியை எட்டிப் பிடித்தான். தரையில் சரிந்தான். அலமாரிக்குள் கேமரா விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. க்ளிக். க்ளிக். க்ளிக்.

அவள் அறை வாசலுக்கு வந்தாள்.

அவன் கையை நீட்டினான்.

அவள் உள்ளே வரவில்லை. அக்கம்பக்கத்தில் யாரையும் கூப்பிடவில்லை. புகை காலடிக்கு வந்ததும் ஓரடி பின்னால் நகர்ந்து, துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.