கரடி கிணற்றில் விழும் இடம்

முன்னறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரம்மா வேணி, பழைய கார்ட்டூனின் படப் பிரதியை எங்கிருந்தோ தேடிப் பிடித்த ஆசாத், கேசட்டில் கிடந்த அதன் தமிழ்க் குரல்களைச் சுத்தம் செய்து படத்தோடு சேர்த்த இளவரசன். மூன்று பேர். டிவியில் கரடி கிணற்றில் விழுந்தபோது இளவரசன் சிரிக்கவில்லை. ஆனால் மூன்று சிரிப்புகள் கேட்டன.

மூன்றாவது சின்னது. மற்ற இருவரும் கவனிக்கவில்லை. இளவரசனின் தொண்டையில் ஏதோ நமநமத்தது. தண்ணீர் குடித்தான். போகவில்லை.

ஸ்ரீரங்கத்து மதிய வெயில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே புகுந்து தரையில் கோடு கோடாகக் கிடக்க, அப்பளம் பொரித்த எண்ணெய் வாடையும் சூடேறிய டிவியின் தூசி வாடையும் நகராமல் நிற்க, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை கிறீச்சிட்டு யாரோ மூச்சிழுப்பதுபோல ஓய்ந்து மறுபடி கிறீச்சிட்டது.

"சத்தம் துல்லியமா இருக்கு தம்பி," என்றார் வேணி. "ஆனா ஜோதி எங்க?"

அந்தக் கார்ட்டூன் தமிழ் பேசியதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி வேணியின் கேசட். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவருடைய ஆறு வயது மகள் ஜோதி, டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தது. அதே வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் குரல் வேறெங்கும் இல்லை. "கார்ட்டூன நீங்க வச்சுக்குங்க, எம்பொண்ணு குரல் மட்டும் எனக்குப் போதும்" என்று சொல்லித்தான் கொடுத்திருந்தார்.

இளவரசனுக்குக் கார்ட்டூன்தான் வேண்டியிருந்தது. ஜோதியின் சிரிப்பும், "அப்புறம்?" என்ற கேள்வியும் நாற்பத்துமூன்று இடங்களில் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தான். மூலப் பதிவைத் தனியாக எடுத்து வைக்கவில்லை. நாடா அறுந்ததும் கேசட்டை உறையூர் குப்பை வண்டியில் போட்டான். சோம்பேறித்தனம். வேறு காரணம் கிடையாது.

"அது டேப்புல பதிவாகலம்மா," என்றான்.

"பிளேயர் கெட்டுப்போற வரைக்கும் தினம் கேட்டுருக்கேனே தம்பி."

வேணி கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

படம் ஓடியது. அவன் வெட்டிய இடங்கள் வந்தன. ஒன்பதாவது. பத்தாவது. ஒவ்வொன்றிலும் தொண்டைக்குள் ஒன்று புரண்டது. சொல்லிவிடலாம். நான்தான் அழித்தேன் என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தான்.

"அப்புறம்?"

ஆறு வயதுக் குரல். அவன் வாயிலிருந்து.

ஆசாத் துள்ளி எழுந்தான். "டேய், மிமிக்ரி பண்ற நேரமாடா இது? அந்தம்மா முன்னாடியா? நீயெல்லாம் ஒரு ஜென்மமாடா!" பைக் சாவியை எடுத்தான். "மன்னிச்சுக்குங்கம்மா. நான் கெளம்பறேன்."

இளவரசன் அவன் சட்டையைப் பிடித்தான். போகாதடா என்று கத்தினான்.

கேட்டது சிரிப்பு. கரடி விழும் இடத்துச் சிரிப்பு.

தன் குரலைத் தேடினான். இல்லை. அங்கேயும் வெட்டிய இடம்தான். சுத்தமாக இருந்தது.

ஆசாத் கையை உதறிவிட்டு வெளியேறினான்.

வேணி ரிமோட்டை எடுத்துப் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். அவர் முகத்தில் பயம் இல்லை.

"உக்காரு ஜோதி," என்றார். "கரடி விழுற எடம் இப்ப வந்துரும்."

பிறகு எழுந்து போய், ஆசாத் போன கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.