முந்நூற்றுப் பதின்மூன்றாவது பறவை

காலை ஐந்தரை மணிக்குப் பூவாயி கொட்டகையைத் திறந்து பறவைகளை மின்னேற்றியிலிருந்து கழற்றுவாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பொறிப்பறவைகள். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து மேலே எறிந்தால் அதனதன் மரத்தில் போய் உட்கார்ந்து கூவும். கம்பங்களில் மாட்டிய செவிப்பொறிகள் கூவலை எண்ணும். எண்ணிக்கை குறைந்தால் பல்கலைக்கழகத்தின் பல்லுயிர்த் தரம் இறங்கும். உண்மைப் பறவை ஒன்று அந்த வளாகத்தில் கத்திப் பதினோரு வருஷமாகிவிட்டது.

அந்தச் சித்திரையில், விடுதிக்குப் பின்னாலிருந்த சரளைப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிப் பறவையைக் கண்டாள். கிட்டப் போனதும் தலைக்கு மேல் பாய்ந்து கத்தியது. பொறிகள் எதுவும் அவளை ஒருநாளும் விரட்டியதில்லை. குனிந்து பார்த்தாள். வெறுந்தரையில் நாலு முட்டை, கல்லோடு கல்லாகக் கிடந்தன.

மறுநாள் அங்கே வண்டி நிறுத்துமிடம் போட உருளை இயந்திரம் வரவிருந்தது. மண் சுமந்து வளர்ந்தவள் அவள். உருளை ஒரு தடவை ஓடினால் என்ன மிஞ்சும் என்று தெரியும். வளாகப் பொறுப்பாளர் கார்மேகத்திடம் ஓடினாள்.

"நெசப் பறவையா? ஏம்மா, வெயில் மண்டையில ஏறிடுச்சா?"

"தோள்ல பாருங்க சார், எச்சம். நம்ம பொறி எது சார் எச்சம் போடுது?"

கார்மேகம் அந்த எச்சத்தைச் சான்றிதழைப் படிப்பதுபோல் உற்றுப் பார்த்தார். அன்றைக்கே உருளை இயந்திரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். பூவாயிக்குப் பாதி உயிர் வந்தது.

"பொரிக்க இன்னும் இருபது நாளாவது ஆகும் சார். அதுவரைக்கும் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரக்கூடாது."

"ஒருத்தரும் வராம தரம் எப்படிம்மா ஏறும்?"

மூன்றாம் நாள் துணைவேந்தர் கூட்டைத் திறந்துவைத்தார். பந்தல், குத்துவிளக்கு, தவில், கல்வெட்டு எல்லாம் இருந்தன. மிஞ்சிய பொன்னாடையை யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் கூட்டைச் சுற்றிப் போட்டிருந்த கம்பிவேலிக்கே போர்த்தினார்கள். தவிலின் முதல் அடியிலேயே பறவை பறந்துவிட்டிருந்தது. வெறும் முட்டையோடு படமெடுக்க யாருக்கும் பிடிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் முந்நூற்றுப் பதின்மூன்றாவது பொறியைக் கொண்டுவந்து முட்டைமேல் உட்கார வைத்தார்கள். உலோக உடம்பு. பார்க்க வருகிறவர்களுக்கு அழகாகத் தலையைத் திருப்பும்.

மறுநாள் உச்சி வெயிலில் தாய்ப்பறவை வந்தது. எங்கோ ஒழுகும் குழாயில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்திருந்தது. கோடையில் அது முட்டைமேல் உட்கார்வது குளிர வைக்கத்தான். தன் இடத்தில் வேறொன்று இருப்பதைக் கண்டு சுற்றிச் சுற்றிக் கத்தியது. இறகு காய்ந்ததும் போய் நனைத்துவந்து மறுபடியும் கத்தியது.

கார்மேகம் கைபேசியில் கூப்பிட்டார். "ஏம்மா, பழுதான பொறி ஒண்ணு கத்திக்கிட்டே இருக்காம். அரங்கத்துல பேச்சே கேக்கலையாம். பிடிச்சு அணைச்சிடு."

"அது பொறியில்ல சார். தாய்."

"தாய்தான் அங்க உக்காந்திருக்கே. கல்வெட்டே வச்சாச்சு."

அரங்கத்தில் அன்று கருத்தரங்கு. தலைப்பு: 'மனித நடமாட்டமும் அருகிவரும் வளாகப் பறவைகளும்.'

பூவாயி வேலியைத் தாண்டிப் போய்ப் பொறியைத் தூக்கினாள். கை கொப்பளித்துவிடும் போலச் சுட்டது. ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். உள்ளே எதுவும் அலம்பவில்லை. வெந்து இறுகியிருந்தது. நாலும் அப்படித்தான். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு விலகினாள். வேறென்ன செய்ய?

பறவை இறங்கிவந்தது. ஈர வயிற்றை மெதுவாகத் தாழ்த்தி உட்கார்ந்தது.

இடைவேளையில் கருத்தரங்குக் கூட்டம் வேலியோரம் வந்து நின்றது. இந்தத் தடவை பறவை எழும்பவில்லை. ஒரு பேராசிரியர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் காத்திருந்தார். பிறகு பூவாயியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இது முகத்தையே காட்ட மாட்டேங்குது. நேத்து வச்சிருந்ததையே வச்சிடும்மா. அதுதான் நெசம் மாதிரி இருந்துச்சு."