பன்னிரண்டாம் நம்பர் அறையில் காணாமல் போன பட்டம்

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.10.

ராமேஸ்வரம் லாட்ஜின் பன்னிரண்டாம் நம்பர் அறையில் சத்யப்பிரியா தன் ஃபைலைத் திறந்தாள். மதிப்பெண் பட்டியல்கள் வரிசையாக இருந்தன. நேற்று மேடையேறி வாங்கிய பட்டச் சான்றிதழ் மட்டும் இல்லை.

"அத்தை, சர்டிபிகேட்டக் காணோம்."

அத்தை உமையாள் பரமக்குடியில் ஏட்டு. கோழித் திருட்டிலிருந்து கொலை வரை பதினெட்டு வருஷம் பார்த்தவள். தலை துவட்டிக்கொண்டிருந்த துண்டைக் கட்டிலில் போட்டாள்.

"யாரும் அறைய விட்டு நகரக் கூடாது" என்றாள்.

சனிக்கிழமை பட்டமளிப்பு விழா முடிந்ததும், அபிராமத்துக் குடும்பம் ஐந்து பேரும் அப்படியே பஸ் ஏறி ராமேஸ்வரம் வந்திருந்தார்கள். கல்லூரிக்கும் ஆயிற்று, கோயிலுக்கும் ஆயிற்று. இன்று சாயங்கால ரயிலில் சத்யப்பிரியா சென்னை போக வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலையில் சேர வேண்டும். அசல் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வம்சத்திலேயே முதல் பட்டம், முதல் கம்பெனி வேலை. பெண்ணின் முகம் வெளிறிக் கிடந்தது.

10.25. பைகள், மெத்தை, அலமாரி எல்லாம் கொட்டிக் கவிழ்த்தாகிவிட்டது. எங்கும் இல்லை.

கீழே மேனேஜர் பொன்னுச்சாமி சத்தியம் செய்தார். "நீங்க திரும்பி வார வரைக்கும் சாவி இந்த ஆணியிலதாம்மா தொங்குச்சு. ஒருத்தரும் தொடல."

உமையாளுக்குச் சங்கடமாக இருந்தது. ஏனென்றால் காலையில் அறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைக் கொடுத்தவள் அவளேதான். ஏட்டு பூட்டிய அறையிலேயே களவு. ஸ்டேஷனில் தெரிந்தால் ஒரு வருஷம் சிரிப்பார்கள்.

மேலே வந்து விசாரணையைத் தொடங்கினாள். முதலில் சத்யப்பிரியாவின் தாய்மாமன் வேல்ராஜ். அவர் மகனுக்கு இவளைக் கேட்டுக்கொண்டிருப்பது ஊரறிந்த சேதி.

"அத்தான், கோயில்ல உங்களைக் காணோமே?"

"கூட்டத்துல உங்க அண்ணன விட்டுட்டேன்."

"எம்புட்டு நேரம்?"

வேல்ராஜ் நெளிந்தார். பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு வெண்சங்கு. அதில் சத்யப்பிரியாவின் பெயரும் பட்டமும் செதுக்கியிருந்தன.

"செதுக்கி முடிக்கிற வரைக்கும் கடையிலயே நின்னுட்டேன். அப்பறம் ஓடியாந்து அஞ்சாறு கிணத்துலதான் குளிச்சேன், ஏட்டம்மா. எம் மருமக படிச்சதுல எனக்கும் சந்தோசந்தான்."

அடுத்து அம்மா பஞ்சம்மாள். மகள் சென்னைக்குப் போகிறாள் என்று நேற்றே மூக்கைச் சிந்தியவள்.

"மதினி?"

"அவ போறது எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு, நெசந்தான். அதுக்காக எடுப்பனா? இருவத்திரண்டு கிணத்துலயும் உன் கையப் புடிச்சுக்கிட்டுத்தான வந்தேன்."

அது உண்மைதான். கை இன்னும் வலித்தது.

உமையாள் ஜன்னலோரம் நின்று காலையை மணிவாரியாக ஓட்டிப் பார்த்தாள்.

5.15. அறை பூட்டப்பட்டது. முதலில் கடலில் முழுக்கு, பிறகு கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகள். கூட்டத்தில் ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று பிரிந்தார்கள்.

9.10. லாட்ஜ் வாசலில் எல்லோரும் ஈரத்துணியோடு கூடினார்கள். சத்யப்பிரியாவின் அப்பா, அண்ணன் செல்லச்சாமி, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, வேட்டி மடிப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரே உரசலில் பீடி பற்றவைத்தார். "தீர்த்தமாடுன வாயில பீடியாண்ணே?" என்று அவள்தான் வைதாள்.

9.40. உடை மாற்றி, அறையைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு இட்லிக்கடைக்குப் போனார்கள். சத்யப்பிரியா கம்பெனிக் கடிதத்தை வாசித்தாள். "லேமினேட் பண்ணுன சர்டிபிகேட் செல்லாதாம்யா. நல்லவேளை, நாம பண்ணல." அந்நேரம் அண்ணன் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனவர், அப்படியே சொறிந்துகொண்டார். மகளின் கரண்டி கீழே விழுந்தது. வயலில் நாளெல்லாம் குனிந்து களையெடுக்கிற மனுஷன், முதுகை வளைக்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை எடுத்தார்.

உமையாள் திரும்பினாள். செல்லச்சாமி நாற்காலியில் சாயாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்த்துக் கிடந்தது.

10.50.

"பூட்டுன அறைக்குள்ள யாரும் வரல" என்றாள் உமையாள். "அப்படின்னா பூட்டுறதுக்கு முன்னாடியே சர்டிபிகேட்டு வெளிய போயிருச்சு. நம்ம அஞ்சு பேருல ஒருத்தர் மேல இருந்துச்சு. காகிதத்த மேல வச்சிக்கிட்டு அம்புட்டுத் தண்ணியையும் ஊத்திக்கிட்டா கூழாப் போகும். அதனால எடுத்த ஆளு குளிக்கல. நாலு பேரு குளிச்சோம். அத்தான் அரைகுறையா குளிச்சாரு, அதுவும் குளியல்தான். ஆனா கடல்ல முங்கி, இருவத்திரண்டு கிணத்துலயும் நனைஞ்ச வேட்டியில தீப்பெட்டி மட்டும் எப்படிண்ணே காஞ்சு கெடந்துச்சு?"

உமையாள் அண்ணன் பக்கம் வந்து நின்றாள்.

"குழாயடியில தலையும் தோளும் மட்டும் நனைச்சிருக்கீக. சட்டையக் கழட்டுங்கண்ணே."

செல்லச்சாமி முதுகுப் பக்கம் கைவிட்டு உருவினார். கண்ணாடிபோல் மினுங்கும் பிளாஸ்டிக்குக்குள் சான்றிதழ் இருந்தது.

"அய்யா" என்றாள் சத்யப்பிரியா.

"எம் பத்தாப்பு மார்க்குச் சீட்டக் கறையான் தின்னுச்சு, தாயி. அதக் காட்ட முடியாமத்தான் வந்த வேலையும் போச்சு. உனக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு கீழவாசல் போட்டோக் கடையில குடுத்து பிளாஸ்டிக்கு ஒட்டச் சொன்னேன். இட்லிக்கடையில வச்சுக் குடுக்கலாம்னு இருந்தேன். நீ கடுதாசிய வாசிச்ச. எனக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எம் புள்ள வேலையில நானே மண்ண அள்ளிப் போட்டுட்டேன்."

வருஷக்கணக்கில் வேண்டிக்கிடந்த தீர்த்தத்தை விட்டுவிட்டு அந்த மனுஷன் கடை வாசலில் நின்றிருக்கிறார். சத்யப்பிரியா அழுதது சான்றிதழுக்காக மட்டும் இல்லை.

உமையாள் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு ஃபைலின் மேல் வைத்தாள். ஒரு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நேற்றும் அப்படித்தான் நீட்டியது, எல்லோரும்தான் பார்த்தார்கள்.

"அண்ணே, சாமி கும்பிட வார ஆளுக படத்தை ஒட்டித் தார கடை மெஷினுக்கு இந்த ஃபைல் அகலந்தான் வாயி இருக்கும். இது எப்படி உள்ள போச்சு?"

"நஸீரானு ஒரு புள்ள. வாயி பத்தாது அய்யா, கவரு போட்டு ஓரத்துல டேப்பு ஒட்டித் தாரேன்னுச்சு. தண்ணி படாதுல்லன்னேன். படாதுன்னுச்சு. எல்லாம் ஒன்னுதான?"

உமையாள் நகத்தால் ஓரத்து டேப்பைக் கிளப்பினாள். கவரைச் சாய்த்தாள். சான்றிதழ் ஒரு சுருக்கமும் இல்லாமல் சத்யப்பிரியாவின் மடியில் வந்து விழுந்தது.

பஞ்சம்மாள் சாமியைக் கூப்பிட்டாள். வேல்ராஜ் சங்கையே ஊதிவிடுவார் போலிருந்தது. சத்யப்பிரியா சான்றிதழை எடுத்து, அதே கவருக்குள் மறுபடியும் நுழைத்தாள்.

"இதுலதான்யா கொண்டு போவேன். அந்த ஃபைலு பத்தல."

11.15. அவள் அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்கய்யா. கோயில் நட சாத்த இன்னும் நேரமிருக்கு."

வாசலில் உமையாள் மறித்துக் கையை நீட்டினாள். செல்லச்சாமி அசடு வழிய, தீப்பெட்டியையும் பீடிக்கட்டையும் அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

12.50. தலையிலிருந்து கால் வரை நனைந்து, நடுங்கி, சிரித்துக்கொண்டு வந்தார். முதல் வேலையாகத் தீப்பெட்டி கேட்டார். உரசினார். விரல் ஈரத்தில் முதல் குச்சி நமுத்தது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவதும் பற்றவில்லை.

"இப்பத்தாண்ணே தீர்த்தமாடுன கை" என்றாள் உமையாள்.