கசிவு மின்னோட்டம்

யாரும் தொடாமலே மீட்டரின் முள் ஏறியது.

அவள் கைகள் மடியில்தான் இருந்தன. மேசையில், இரண்டு கிளிப்புகளுக்கு நடுவே, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். சூடு பட்டால் இந்த வகையில் கசிவு மின்னோட்டம் கூடும். விரலால் பிடித்தாலே போதும், முள் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அளக்கும்போது மூச்சுகூடப் படாமல் தள்ளித்தான் உட்காருவாள்.

கணவன் இறந்து பதினாறு நாள். ஆம்ப்ளிஃபயர் செய்யும் ஒருவருக்கு, ஒரே குணமுள்ள டிரான்சிஸ்டர்களாக நாற்பது ஜோடி பொறுக்கித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் இன்னும் அழவில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், மதியமானால் வந்து அளந்தாள். முன்பெல்லாம் அவள் எண்ணைப் படிப்பாள். அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுவான். இப்போது படிப்பதும் எழுதுவதும் அவளே.

வெயிலாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தினாள். முள் இறங்கியது. மறுபடி ஏறியது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினாள், விளக்கை அணைத்தாள். அடைத்த அறையில் ரெசின் புகையின் இனிப்பு வாடையும், ஆறிக்கொண்டிருந்த அயர்ன் அவ்வப்போது போட்ட சின்னச் சின்னச் சத்தமும், கதவிடுக்கில் நுழைந்து மீட்டரின் கண்ணாடியில் கோடாக விழுந்த ஹால் வெளிச்சமும் தவிர வேறொன்றும் இல்லை.

முள் ஏறியது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, கடைசியில் ஓரிடத்தில் நின்றது. இந்த ஏற்றம் அவளுக்குப் பழக்கம். இரண்டு விரல்கள் பிடித்தால்தான் இப்படி ஏறும்.

பயம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. மரத்துப்போன காலில் ஊசி இறங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் எண்ணை வாய்விட்டுப் படித்தாள்.

துணைக்கு வந்து தங்கியிருந்த கணவனின் தங்கை ஹாலிலிருந்து கேட்டாள்:

"யார்கூட அண்ணி பேசிட்டிருக்கீங்க?"

"யார்கூடயும் இல்லம்மா. நம்பர் படிச்சேன்."

"நீங்க படிக்கிறது கேட்டுச்சு. யாரோ திருப்பிச் சொன்னாங்களே, அது யாரு?"

பதினாறு நாளில் முதல்முறையாகக் கண் நனைந்தது.

"நீங்களா?" என்றாள், மேசையைப் பார்த்து.



கையை நீட்டினாள். விரல் டிரான்சிஸ்டரை எட்டவில்லை. நடுவில் தோல் இருந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் வெதுவெதுவென்று, லேசான ஈரத்தோடு, தோல்.

ஆசையாகத் தடவினாள். ஒரு விரல். அதில் ஒரு மூட்டு. இன்னொரு மூட்டு.

இன்னொன்று.

மேலும் ஒன்று.

விரல் முடியவில்லை. நோட்டைத் தாண்டிப் போனது. மேசை விளிம்பில் வளைந்தது. அவள் இடுப்பை ஒட்டி, நாற்காலிக்குப் பின்னால் போனது.

கையை எடுக்கத் தோன்றவில்லை. திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை.

பிடரியில் மூச்சுப் பட்டது.

பிறகு காதோரம், அவள் குரலிலேயே, அது திருப்பிச் சொன்னது.

"நீங்களா?"